டிங்கிள் தடமும் ஆல்வின் ப்ரீஸும்

ஆல்வின் ப்ரீஸைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் ஊரில் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள், மரியாதை தெரிந்த மனுஷன் என்று. அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த மரியாதை அவனுக்கு என்ன கொடுத்தது? கையில் இருந்ததையும் பிடுங்கிக்கொண்டு போனதுதான் மிச்சம். ஆனால் அவன் அப்படித்தான். அவனை மாற்ற நான் யார்?

நான் நெஸ்டா. ஆஷ்கோமில், பெரிய சாலை மலையை விட்டு இறங்கி வளையும் இடத்தில் தேநீர்க்கடை வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலை ஆனால் என் கடைச் சுவரில் சேறு அப்பிய சைக்கிள்கள் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். வளைந்த கைப்பிடி, தடித்த டயர். தார் சாலையிலும் ஓடும், சரளைக்கல்லிலும் ஓடும். கிராவல் பைக் என்று பெயர் வைத்து அதை ஒரு பழைய கார் விலைக்கு விற்கிறார்கள். நாங்கள் சின்ன வயதில் பிரேக் இல்லாத சைக்கிளில் அதே கல்லின் மேல் போய், அதே முள்வேலியில் விழுந்து எழுந்து வந்தோம். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. இதைச் சொல்லி நான் அவர்களைக் கிண்டல் செய்வேன். முழங்கால் போன பிறகு நானும் பேட்டரி வைத்த ஒன்று வாங்கிக்கொண்டேன், அது வேறு கதை.

அந்தக் கூட்டத்துக்கு வழி போடுகிறவன் ஆல்வின். பிழைப்புக்கு அவன் பால் டேங்கர் லாரி ஓட்டினான். விடியும் முன்பே பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றிக்கொண்டு வருவான். நாளெல்லாம் சாலையில் கிடக்கிறவனுக்கு, ஓய்வு நாளில் சாலையைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது. அதனால் அவன் போடும் வழியில் தார் சாலை முடிந்தவரை இருக்காது. குதிரைத் தடம், காட்டு விளிம்பு, பழைய ரயில் போன மேடு, இரண்டு வயலுக்கு நடுவே ஒதுங்கிக் கிடக்கும் பச்சைச் சந்து என்று கோத்துக்கொண்டே போவான். ஒரு வழி என்றால் அதில் ஒரு நல்ல ஏற்றம், ஒரு ஓடை, ஒரு கேக் இருக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. கேக் என்னுடையது. ஓடையில் இறங்கிக் கால் நனைந்தவர்கள் என் அடுப்போரம் சாக்ஸைக் காயப்போட்டுவிட்டு அவனைத் திட்டுவார்கள். அவன் சிரித்துக்கொண்டே எல்லாருடைய தட்டையும் எடுத்துக் கழுவி வைத்துவிட்டுப் போவான்.

அவன் போட்ட எந்த வழியானாலும் கடைசியில் டிங்கிளுக்கு வந்துதான் ஆக வேண்டும். டிங்கிள் என்றால் மரம் மூடிய பள்ளம். பெரிய சாலைக்குக் கீழே, அதற்கு இணையாக ஒரு தடம் அந்தப் பள்ளத்துக்குள் ஓடுகிறது. இரண்டு பக்கமும் ஹேசல் மரங்கள், அடியில் கல். மேலே பெரிய சாலையிலோ ஓரம் என்று ஒன்று கிடையாது. வேலிச்செடி வந்து தாரைத் தொடும், குவாரி லாரிகள் வளைவில் திரும்பும்போது நடந்து போகிறவன் வேலிக்குள் ஒடுங்க வேண்டும். டிங்கிள் வழியாக வந்தால் அந்தச் சாலையைத் தொடாமலே என் கடைக்கு வந்துவிடலாம். ஆனால் தடம் டட்ஜ் பண்ணைக்குள் போகிறது.

கிழவர் டட்ஜ் லேசுப்பட்டவர் அல்ல. அவர் வீட்டு நாய்களுக்குப் பயந்து தபால்காரரே வெளியே நின்று ஹார்ன் அடிப்பார். ஆல்வின் அந்தத் தடத்தை முதன்முதலில் பார்த்த அன்று, சைக்கிளின் முன் இருக்கையில் அவன் மகள் கெரிஸ் உட்கார்ந்திருந்தாள். பேசத் தொடங்கியிருந்த வயது. வேறு யாராவது இருந்தால் கிழவர் பார்க்கும் முன்பே தடத்தின் வேலிக்கதவைத் திறந்துகொண்டு நழுவியிருப்பார்கள். இவன் நேராக முற்றத்துக்குப் போய், ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சமையலறைக் கதவைத் தட்டியிருக்கிறான். ஐயா, இந்த வழியாகப் போகலாமா என்று கேட்டிருக்கிறான்.

"போப்பா, அதுக்கென்ன" என்றாராம் டட்ஜ். "போனா கதவைச் சாத்திட்டுப் போ. உன் சிநேகிதக்காரங்களும் வரட்டும். ஒவ்வொரு தடவையும் வந்து கதவைத் தட்டாதீங்க, எனக்கு வேலை கிடக்கு."

அதோடு விடவில்லை. புட்டிப்பால் குடித்துக்கொண்டிருந்த ஒரு ஆட்டுக்குட்டியைத் தூக்கிக் குழந்தையின் மடியில் வைத்திருக்கிறார். கெரிஸ் அதைத் திருப்பிக் கொடுக்கமாட்டேன் என்று முற்றமே அதிர அழுதிருக்கிறாள். அன்றிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என்னிடம் ஒரு புட்டி டாம்சன் பழ ஜாம் வாங்கிக்கொண்டு அப்பனும் மகளுமாக டட்ஜ் வீட்டுக்குப் போவார்கள். அவள் வளர்ந்து கார்டிஃபில் வேலைக்குப் போன பிறகும், பண்டிகைக்கு ஊருக்கு வந்தால் புட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவள் அவள்தான். அம்மா இல்லாமல் அப்பனிடம் வளர்ந்த பெண். அப்பனைப் போலவே என் கடையில் தட்டுக் கழுவாமல் போகமாட்டாள்.

டட்ஜ் செத்துப்போனார். எங்கோ இருந்த அண்ணன் மகன் பண்ணையை விற்றான். வாங்கியவர் பர்மிங்காமில் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஹார்க்னஸ் என்பவர். வந்த கொஞ்ச நாளிலேயே அவருடைய பண்ணை வண்டியை யாரோ தடத்தின் வழியாக வந்து திருடிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த வாரம் டிங்கிளின் இரண்டு முனையிலும் கதவுக்குப் பூட்டு, மேலே முள்கம்பி, தனியார் இடம் என்று ஒரு பலகை.

நாங்கள் என்ன செய்தோம்? நன்றாகப் பேசினோம். மதுக்கடையில் பேசினோம், என் கடையில் பேசினோம். ஊருக்கு வந்து மூட்டை முடிச்சைக்கூடப் பிரிக்கவில்லை, அதற்குள் பூட்டுப் போடுகிறான் பார் என்றோம். அவருக்குப் பல் டாக்டர் என்றே பெயராகிவிட்டது. வாயைத் திறக்கச் சொல்கிறவன் கதவைத் திறக்கமாட்டானாம் என்று ஒருவன் சொல்ல, அது ஊர் முழுக்கச் சுற்றியது. பேசினோமே தவிர அவரிடம் போய் ஒரு வார்த்தை பேச ஒருவரும் போகவில்லை. எங்கள் ஊர்ப் பழக்கம் அது. மனசில் கோபம் இருந்தால் முகத்துக்கு நேரே நல்ல வெயில் அடிக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். ஆல்வினும் அந்தப் பலகையை ஒரு சனிக்கிழமை நின்று படித்தான். இத்தனை வருஷமா போறோம், இதென்ன புதுசா என்று முணுமுணுத்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பினான். அவ்வளவுதான்.

அந்த அக்டோபரில் அவன் பிறந்தநாளுக்குக் கெரிஸ் வந்திருந்தாள். அப்பனுக்குப் புதுக் கையுறை வாங்கி வந்திருந்தாள். இரண்டு பேரும் கிளம்பிப் போய், மலை முகடெல்லாம் சுற்றிவிட்டு, சாயங்காலம் என் கடைக்குத் திரும்பி வர வேண்டும். டிங்கிள் பூட்டியிருந்ததால் பெரிய சாலையில் வந்தார்கள். சூரியன் தாழ்ந்து நேர் எதிரே அடித்தது. ஆல்வின் முன்னால், அவள் பின்னால். குவாரி லாரி ஓட்டிய பையன் குடித்திருக்கவில்லை, வேகமாகவும் வரவில்லை. கண்ணில் வெயில் குத்தியது, அவன் அவளைப் பார்க்கவில்லை.

நான் கேக்கை வெட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். சத்தம் எனக்குக் கேட்டது. நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது ஆல்வின் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு சாலையில் உட்கார்ந்திருந்தான். அந்த லாரிப் பையன் வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். ஆல்வின் அவனை நிமிர்ந்து பார்த்து, "வெயில் கண்ணுல பட்டா ஒண்ணும் தெரியாதுப்பா, எனக்குத் தெரியும்" என்றான். அந்த நேரத்திலும் அவனுக்கு அதைச் சொல்லத் தோன்றியது. எனக்கு அன்றைக்கு ஏறிய ஆத்திரம் இன்னும் இறங்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் லாரியில் ஏறவில்லை. சைக்கிளையும் தொடவில்லை. என் கடையில் வந்து உட்காருவான், தேநீர் ஆறிப் பாலாடை கட்டும். ஒரு நாள் நிமிர்ந்து, "டிங்கிளைத் திறக்கணும் நெஸ்டா. இன்னொரு பிள்ளை அந்த ரோட்டுல வரக்கூடாது" என்றான். அவனை உயிரோடு நிறுத்தி வைத்தது அந்த ஒரு நினைப்புதான்.

லட்லோவிலிருந்து ஹிலரி வந்தாள். பழைய தடங்களுக்காகச் சட்டப்படி வழக்காடித் திறந்துவிடுவதில் ஊறிப்போனவள். இருபது வருஷம் ஜனங்கள் ஒரு தடத்தில் தடையில்லாமல் போய்வந்திருந்தால் அது ஊர்ப் பொதுவழி, அதைப் பூட்ட யாருக்கும் உரிமை இல்லை என்றாள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். இருபது என்ன, அதற்கு மேலேயே ஆகியிருந்தது. சாட்சி சொல்ல ஊரே தயார். கடை சாத்திய பிறகு எல்லோரையும் உட்கார வைத்து அவள் நிதானமாக விளக்கினாள். பூட்டை உடைத்துப் போயிருக்கக் கூடாது. ஒளிந்து ஒளிந்து போயிருக்கக் கூடாது. நிலத்துச் சொந்தக்காரரிடம் அனுமதி கேட்டும் போயிருக்கக் கூடாது.

"கேட்டுட்டுப் போனா அது அவர் காட்டுன தயவு. தயவு எத்தனை வருஷம் நடந்தாலும் உரிமை ஆகாது" என்றாள் ஹிலரி. "கேக்காம போனீங்கன்னாதான் அது உங்க வழி. யாராவது டட்ஜ்கிட்ட கேட்டிருக்கீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். டட்ஜிடமா, அந்த நாய்களைத் தாண்டியா என்றார்கள். சொந்தக்காரரிடம் இப்போது போய்ப் பேசவும் வேண்டாம், பேசினால் வழக்கு கெட்டுவிடும் என்று ஹிலரி எச்சரித்துவிட்டுப் போனாள். நான் ஆல்வினைப் பார்த்தேன். அவன் மேஜைமேல் சிந்தியிருந்த சர்க்கரையை விரலால் ஒன்றுசேர்த்துக்கொண்டிருந்தான்.

எல்லோரும் போன பிறகு நான் அவன் எதிரே உட்கார்ந்தேன். அந்த ஜாம் புட்டிகளைப் போட்டுக் கொடுத்தவள் நான் அல்லவா, எனக்குத் தெரியாதா? சுற்றி வளைக்காமல் சொன்னேன். டட்ஜ் செத்தாச்சு. அன்று முற்றத்தில் இருந்தவர்களில் நீ ஒருத்தன்தான் மிச்சம். கேட்கலைன்னு ஒரு வார்த்தை சொல், இல்லை, ஞாபகம் இல்லைன்னு சொல், யாருக்கு என்ன நஷ்டம் என்றேன்.

"சத்தியம் பண்ணிச் சொல்லணுமே" என்றான்.

"பண்ணுப்பா. கடவுள் உன்கிட்ட பட்ட கடன் நிறைய இருக்கு, ஒண்ணைக் கழிச்சுக்கட்டும்."

அவன் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "அன்னைக்கு அவ என் முன்னாடி உட்கார்ந்திருந்தா நெஸ்டா. ஆட்டுக்குட்டியக் கொடுக்கமாட்டேன்னு அழுதாளே. நான் அந்த வீட்டுக்குப் போகவே இல்லைன்னு சொன்னா, அவளும் அங்க இல்லாம போயிடுவா இல்லையா?" என்றான்.

அவன் எழுந்து என் கோப்பையையும் சேர்த்துக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

ஹிலரி போட்ட மனுவின் மேல் விசாரணை ஊர்மன்றத்தில் நடந்தது. குழந்தைகளின் பிளாஸ்டிக் சறுக்குமரத்தை மூலையில் தள்ளிவிட்டு, மடக்கு மேஜை போட்டு, அரசாங்கத்திலிருந்து வந்த அம்மாள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பொறுமைசாலி. ஒவ்வொருவர் சொல்வதையும் தலையாட்டிக் கேட்டார். நான் சொன்னேன், கொல்லன் மகன் சொன்னான், முன்னாள் ஆசிரியை ஒருத்தி சொன்னாள். எல்லாம் நன்றாகப் போனது. அடுத்து ஆல்வின் எழுந்து போனான். கெரிஸ் விஷயம் தெரியாதவர் அங்கே யாரும் இல்லை.

ஹார்க்னஸின் வக்கீல் கத்துகிற ஆள் அல்ல. முதலில் மகளுக்காக வருத்தம் சொன்னார். மனதாரத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். பிறகு மெதுவாக, "மிஸ்டர் ப்ரீஸ், உங்களைப் பத்தி எல்லாருமே மரியாதை தெரிஞ்சவர்னு சொன்னாங்க. இன்னொருத்தர் பண்ணைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லாம போற ஆளா நீங்க?" என்றார்.

நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சொல்லாதே, சொல்லாதே என்று மனசுக்குள் அடித்துக்கொண்டேன்.

"இல்லைங்க" என்றான் ஆல்வின். "கேட்டுட்டுத்தான் போனேன். எல்லாரும் வரட்டும்னு அவர் சொன்னார். நான்தான் எல்லாரையும் கூட்டிட்டுப் போனேன். அப்போ என் மக கூட இருந்தா."

ஹிலரி பேனாவை மூடி வைத்தாள்.

முடிவு வர மாசக்கணக்கானது, ஆனால் அந்த மன்றத்தில் இருந்த எல்லோருக்கும் அன்றே தெரியும். உழைத்ததெல்லாம் பாழாயிற்று. ஹிலரி அவனை ஒரு குறையும் சொல்லவில்லை, கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாள். ஊரில்தான் சொன்னார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் தீர்ந்திருக்கும், பெற்ற மகளுக்காகக்கூட ஒரு பொய் சொல்ல முடியவில்லையா என்றார்கள். அதையே அவனிடம் சொன்னவள்தான் நான். ஆனாலும் என் கடைக்குள் வந்து அப்படிப் பேசிய ஒருவனைத் தேநீர்க்கோப்பையோடு வெளியே அனுப்பினேன். நான் சொல்லலாம். அவன் யார் சொல்ல?

டிசம்பர் வந்தது. பழக்க தோஷத்தில் அந்த வருஷமும் டாம்சன் ஜாம் போட்டிருந்தேன். ஆல்வின் வந்து ஒரு புட்டி கேட்டான். யாருக்கு என்றேன். ஹார்க்னஸுக்கு என்றான். அவன் தலையில் தட்டிப் பார்க்கலாமா என்று இருந்தது எனக்கு.

"வழக்குதான் தோத்தாச்சே. இனிமே கேட்டா என்ன கெட்டுப்போகும்?" என்றான். "எனக்குத் தெரிஞ்சது கேக்கிறது ஒண்ணுதான்."

தனியாக விட மனம் வரவில்லை. காரில் நானே கூட்டிப் போனேன். அதே முற்றம். நாய்கள் மட்டும் இல்லை. ஆல்வின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக் கதவைத் தட்டினான். ஹார்க்னஸ் திறந்தார். நான் நினைத்திருந்ததைவிட வயதானவர், கம்பளிச் சட்டையின் முழங்கையில் ஓட்டை. ஆல்வினைப் பார்த்ததும் வெளிறிப்போனார். புட்டியை நீட்டி, சனிக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் டிங்கிள் வழியாகப் போகலாமா, கதவைச் சாத்திவிடுவோம், உரிமை ஒன்றும் கொண்டாடமாட்டோம் என்று ஆல்வின் சொன்னான்.

ஹார்க்னஸ் புட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். உள்ளே வரச் சொன்னார், நாங்கள் போகவில்லை.

"தாராளமா போங்க" என்றார். "திருடனுக்காகப் பூட்டுனதுங்க அது. உங்களுக்காக இல்லை. அந்தப் பக்கம் யார் போறாங்கன்னுகூட எனக்குத் தெரியாது. ஊர்ல ஒருத்தரும் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. அப்பவே யாராவது வந்து கேட்டிருந்தா சாவியைக் கொடுத்திருப்பேனே, ஒரு நிமிஷ வேலைதானே..."

சொல்லிக்கொண்டே வந்தவர், யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

ஆல்வின் தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்தான். "ஆமாங்க. கேட்டிருக்கணும்" என்றான். நன்றி சொன்னான். பண்டிகை வாழ்த்துச் சொன்னான். படியில் வழுக்கும், பார்த்து வா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு காருக்கு வந்தான்.

காருக்குள் உட்கார்ந்த பிறகுதான் உடைந்தான். "நாய் இருந்த வீட்டுலயே போய்க் கேட்டேனே நெஸ்டா. இவர்கிட்ட கேக்கலையே. நம்ம வழின்னு நெனச்சுட்டேனே" என்று டேஷ்போர்டில் தலையைச் சாய்த்து அழுதான்.

இப்போது இப்படிச் சொல்கிறார், அன்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, யார் கண்டது என்றேன். வேறு என்ன சொல்லித் தேற்றுவேன்?

"கேக்காம எப்படித் தெரியும்?" என்றான்.

டிங்கிள் திறந்துவிட்டது. முள்கம்பியை ஹார்க்னஸே அறுத்து எடுத்தார். இப்போது சில சனிக்கிழமைகளில் அவரும் தடத்தோரம் வந்து நின்று கையாட்டுகிறார், நாங்களும் நின்று பேசிவிட்டுத்தான் போகிறோம். ஆல்வின் மறுபடி சைக்கிள் எடுத்தான், வழியும் போடுகிறான். எல்லா வழியும் டிங்கிள் வழியாகத்தான். மேல்முனைக்கு வந்ததும் அவன் இறங்கிக் கதவைத் திறந்து பிடித்துக்கொள்வான். நாங்கள் ஒவ்வொருவராக உள்ளே போவோம். கடைசி ஆள் போனதும் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பான். ஆனால் அவன் உள்ளே வருவதில்லை. ஒரு தடவைகூட வந்ததில்லை. பெரிய சாலையில், அந்த வளைவு வழியாக, தனியாகத்தான் வருவான். திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். நீங்க போங்க என்பதற்கு மேல் பேசமாட்டான்.

கீழே மரத்தடியில் நாங்கள் போகும்போது மேலே சாலையில் லாரிச் சத்தம் கேட்கும். உடனே எல்லோருடைய பேச்சும் நின்றுவிடும். சத்தம் வளைவைத் தாண்டி இறங்கிப் போகும்வரை யாரும் பேசமாட்டோம். கீழ்முனைக்குப் போய்ச் சேர்ந்தால், அவன் எங்களுக்கு முன்பே வந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பான். எல்லாரும் வந்தாச்சா என்று கேட்பான். என் பேட்டரி சைக்கிள்தான் எப்போதும் கடைசி, அதனால் பதில் சொல்வது நான்தான். வந்தாச்சு என்று சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் கடைக்கு மிதித்துவிடுவேன்.